ஆர்பைட்ஸ்க்ளேதெ: வருத்தத்தில் பிறந்து மகிழ்ச்சியில் முடியும் ஒரு டேனியச் சொல்

கேள்வி இதுதான்: டேனிய மொழியில் ‘ஆர்பைட்ஸ்க்ளேதெ’ என்றொரு கூட்டுச்சொல் இருப்பதாகவும், ‘வேலையில் கிடைக்கும் மகிழ்ச்சி’ என்பது அதன் பொருள் என்றும், நார்டிக் மொழிகளைத் தவிர வேறெந்த மொழியிலும் அதற்கு நிகரான சொல் கிடையாது என்றும் மேலாண்மைக் கட்டுரைகளில் எழுதுகிறார்கள். அது உண்மையா, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, தமிழில் அதை எப்படிச் சொல்வது?

பொருள் சரியாகவே சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த ‘வேறெங்கும் இல்லை’ என்னும் பெருமை நிற்காது. ஜெர்மன் மொழியில் ‘ஆர்பைட்ஸ்ஃப்ராய்ட’ என்றும் டச்சு மொழியில் ‘ஆர்பைட்ஸ்ஃப்ரூக்தெ’ என்றும் உறுப்புக்கு உறுப்பு ஒத்த சொற்கள் உண்டு. ஸ்வீடிஷ், நார்வேஜியன் மொழிகளில் உள்ளவை டேனியச் சொல்லின் உடன்பிறப்புகள் என்பதைக் கேள்வியே ஒப்புக்கொள்கிறது. ஆகவே இது ஒரு நாட்டின் மனநிலை மட்டும் பெற்றெடுத்த சொல் என்று கொள்ள வேண்டியதில்லை. அதற்காக அதன் வரலாறு சுவையற்றதாகிவிடவும் இல்லை. உண்மையான வரலாறு அந்தப் பெருமையைவிடச் சுவையானது என்பது என் கருத்து.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். ‘ஆர்பைடெ’ என்பது வேலை. ‘க்ளேதெ’ என்பது மகிழ்ச்சி. நடுவில் ஒரு ‘ஸ்’ நிற்கிறது. தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இந்த ‘ஸ்’ புதிராக இராது. புளியும் காயும் சேரும்போது ‘புளியங்காய்’ என ‘அம்’ வருகிறது; மரமும் கிளையும் சேரும்போது இறுதி மகரம் கெட்டு ‘அத்து’ வந்து ‘மரத்துக்கிளை’ ஆகிறது. டேனியத்திலும் ஏறக்குறைய அதுவே நிகழ்கிறது: ‘ஆர்பைடெ’ என்பதன் கடைசி எகரம் கெட்டு, அந்த இடத்தில் ‘ஸ்’ வந்து ஒட்டுகிறது. இந்த ‘ஸ்’ ஒரு காலத்தில் ஆறாம் வேற்றுமை உருபாக இருந்தது. இப்போது சாரியையின் வேலையைத்தான் செய்கிறது. வேலை இடம், வேலை நாள், வேலையின்மை, வேலை கொடுப்பவர் ஆகிய எல்லாவற்றுக்குமான டேனியச் சொற்கள் இதே ‘ஆர்பைட்ஸ்’ என்னும் முன்பாதியுடன்தான் தொடங்குகின்றன. தமிழ்த் தொகைகள் பலவற்றில் போலவே இங்கும் பொருள் பின்மொழியில் நிற்கிறது, பாலும் பின்மொழியைப் பின்பற்றுகிறது: டேனியத்தில் ‘வேலை’ அஃறிணைப் பால் சொல்லாகவும் ‘மகிழ்ச்சி’ பொதுப்பால் சொல்லாகவும் இருக்க, கூட்டுச்சொல் முழுவதும் பொதுப்பாலாகவே வழங்குகிறது.

உச்சரிப்பைப் பற்றியும் ஒரு சொல். ‘க்ளேதெ’ என்பதில் வரும் மெல்லிய ஒலி வெளிநாட்டவரைத் திணறடிக்கும் டேனிய ஒலிகளில் ஒன்று. ‘அது’ என்று நாம் சாதாரணமாகச் சொல்லும்போது நடுவில் வரும் தகரம் அதற்கு ஓரளவு நெருங்கியது. நாக்கை இன்னும் சற்றுத் தளர்த்திவிட்டால், பழக்கமில்லாத காதுக்கு லகரம் போலக் கேட்கும் அந்த டேனிய ஒலிக்குப் பக்கத்தில் வந்துவிடலாம்.

இனி முன்பாதியின் பிறப்பு. ‘ஆர்பைடெ’ என்பது டேனிய மண்ணில் முளைத்த வடிவமல்ல. ஹான்ஸா வணிகக் கூட்டமைப்பு பால்டிக் கடற்கரையை ஆண்ட காலத்தில், லூபெக் போன்ற வடஜெர்மன் நகரங்களின் வணிகர்களும் கைவினைஞர்களும் டேனிய நகரங்களில் குடியேறினார்கள். அவர்கள் பேசிய கீழ்ஜெர்மன் மொழியிலிருந்து ஏராளமான சொற்கள் டேனியத்துக்குள் வந்தன. கைத்தொழில், பணம் செலுத்துதல், கணக்குச்சீட்டு என்பவற்றுக்கான அன்றாட டேனியச் சொற்கள் எல்லாம் அப்படி வந்தவையே. ‘ஆர்பைடெ’யும் அந்தக் கப்பல்களில் வந்த சரக்குதான். அதே சொல்லின் நார்டிக் வடிவம் ஐஸ்லாந்திய மொழியில் ‘எர்விதி’ என இன்றும் இருக்கிறது. கடும் உழைப்பு, பாடு என்பது அதன் பொருள், அதிலிருந்து வந்த பெயரடைக்குக் ‘கடினமான’ என்றே பொருள். ஸ்வீடிஷ் மொழியில் அந்தப் பழைய வடிவம் ‘ஆர்வூதெ’ எனத் தேய்ந்து, ‘செய்த வேலைக்குத் தரும் ஊதியத்தொகை’ என்ற பொருளில் நிலைத்துவிட்டது. பாடு மறைந்து கூலி மட்டும் எஞ்சியிருக்கிறது.

இன்னும் பின்னே போனால் சொல்லின் முகம் இருண்டுகொண்டே போகிறது. நான்காம் நூற்றாண்டில் கோதிக் மொழியில் விவிலியத்தைப் பெயர்த்த வுல்ஃபிலா, பாடு, வருத்தம் என்னும் பொருளிலேயே இதன் மூத்த வடிவத்தை வழங்குகிறார். சுமார் 1200-இல் எழுதப்பட்ட ஜெர்மன் காவியமான நிபெலுங்கென்லீட் தன் முதல் செய்யுளிலேயே வீரர்களின் பெரிய ‘அரெபைட்’ பற்றிப் பாடப்போவதாகச் சொல்கிறது. அங்கே அது வேலை அன்று, போர்க்களத்தில் பட்ட பெருந்துன்பம். இந்தச் சொல்லின் ஆணிவேர் ‘ஆதரவற்றவன், அனாதை’ என்னும் பொருள்கொண்ட ஓர் இந்தோ-ஐரோப்பிய வேர் என்பது சொற்பிறப்பியலாளர்களில் பெரும்பாலோர் கொள்ளும் கருத்து. கிரேக்கத்தின் ‘ஓர்ஃபனோஸ்’ (அனாதை), வடமொழியின் ‘அர்பக’ (சிறுபிள்ளை), அடிமையைக் குறிக்கும் ஸ்லாவிய ‘ரப்’ எல்லாம் அந்த வேரின் கிளைகள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளையின் மேல்தான் வீட்டின் கடுமையான வேலைகள் விழும் என்ற பழைய உலகத்தின் நடைமுறை அந்தக் குடும்பத்துக்குள் உறைந்திருக்கிறது. கட்டாய உழைப்பைக் குறித்த செக் மொழியின் ‘ரோபோத்தா’வும் இந்தக் குடும்பத்தினதே, அதிலிருந்துதான் 1920-இல் கரேல் சாபெக் எழுதிய நாடகத்தின் வழியாக ‘ரோபோ’ உலகமெங்கும் பரவியது. ஆக, டேனியர் பெருமையோடு காட்டும் ‘மகிழ்ச்சிச் சொல்’லின் முன்பாதியும் நம் வீட்டுப் பிள்ளைகள் விளையாடும் ரோபோவும் தூரத்துப் பங்காளிகள்.

தமிழர்களுக்கு இதில் வியப்பு ஏதும் இருக்கக் கூடாது. உழத்தல் என்றால் பழந்தமிழில் வருந்துதல். உழைப்பு, உழவு எல்லாம் அந்தப் பொருளுக்குப் பக்கத்திலேயே நிற்கின்றன. உடம்பு நோகச் செய்வதே வேலை என்பது மனிதரின் பொது அனுபவம்.

பின்பாதியான ‘க்ளேதெ’ இதற்கு நேரெதிரான திசையிலிருந்து வருகிறது. அது இரவல் வாங்கப்படாத நார்டிக் சொல். பழைய நோர்ஸ் மொழியில் ‘க்ளாதர்’ என்றால் ஒளிமிக்க, பளபளப்பான, முகமலர்ச்சியுள்ள என்று பொருள். ஆங்கிலத்தின் ‘கிளாட்’ இதன் உறவு. ஜெர்மன் கிளையில் இதே வேர் ‘வழவழப்பான’ என்ற பொருளை எடுத்துக்கொண்டது. அந்த ஜெர்மன் வடிவமும் பிற்காலத்தில் டேனியத்துக்குள் வந்து சேர்ந்ததால், இன்று டேனியர் மழை உறைந்த சாலையை ‘க்ளாட்’ (வழுக்கும்) என்கிறார்கள். மகிழ்ச்சியாக இருப்பவரையும் எழுத்தில் ஓர் எழுத்து மட்டுமே மாறும் அதன் இரட்டையால் குறிக்கிறார்கள்.

இந்த இரண்டு பாதிகளும் எப்போது கைகோத்தன? இங்கேதான் மேலாண்மைக் கட்டுரைகள் சறுக்குகின்றன. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் நிறுவனங்கள் உண்டாக்கிய சொல் இது என்னும் தோற்றம் அவற்றில் கிடைக்கும். ஆனால் 1881 டிசம்பரில் கோபன்ஹேகனில் கில்டெண்டால் பதிப்பகம் வெளியிட்ட ஒரு நாடகத்தில் இந்தச் சொல் அச்சாகியிருக்கிறது, அதுவும் நாடகத்தின் நெஞ்சுப்பகுதியில். ஹென்ரிக் இப்சனின் ‘கெங்காங்கெரெ’ தான் அந்த நாடகம். தமிழில் ‘பேய்கள்’ எனலாம், சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘மீண்டும் நடமாடுவோர்’. இப்சன் நார்வேக்காரர், ஆயினும் அன்றைய நார்வேயில் படித்தவர்கள் எழுதிய மொழி ஏறக்குறைய டேனியமே, பதிப்பகமும் டேனியத் தலைநகரில்தான் இருந்தது. ஆகவே டேனியச் சொல்லின் வரலாற்றில் இந்தச் சான்றுக்கு இடம் கொடுக்காமல் இருக்க முடியாது.

அந்தக் காட்சியைச் சற்று அருகில் சென்று பார்ப்பது நல்லது. இரண்டாம் அங்கம். வெளியே விடாத மழை. பாரிஸில் ஓவியனாக இருந்துவிட்டு, நோயும் அச்சமுமாக வீடு திரும்பியிருக்கும் ஒஸ்வால்ட் தன் தாயிடம் பேசிக்கொண்டிருக்கிறான். வீட்டுப் பணிப்பெண் ரெகீனெயிடம் தான் காணும் உயிர்க்களிப்பைச் சொல்ல வந்தவன், ‘லிவ்ஸ்க்ளேதெ’ (வாழ்வின் மகிழ்ச்சி) என்ற சொல்லை எடுக்கிறான். இங்கே ஊரில் உங்களுக்கு அதைப் பற்றி அதிகம் தெரியாது அம்மா என்கிறான். உடனே, அப்புறம் ‘ஆர்பைட்ஸ்க்ளேதெ’ என்று ஒன்று உண்டு, அடிப்படையில் இரண்டும் ஒன்றுதான், அதுவும் உங்களுக்குத் தெரியாது என்கிறான். தாய் மேலும் கேட்க, வேலை என்பது சாபம், பாவத்துக்குத் தண்டனை என்று நம்பும்படியே இங்கே மக்களை வளர்க்கிறார்கள் என விளக்குகிறான்.

சொல்லின் அமைப்புக்குள்ளேயே இருந்த முரண்பாட்டை இப்சன் இங்கே உரையாடலாக விரித்துவிட்டார் என்று எனக்குத் தோன்றும். முன்பாதி வருத்தத்திலிருந்து வந்த சொல். ‘நெற்றி வியர்வை சிந்தி உன் அப்பத்தை உண்பாய்’ என்ற ஏதேன் தோட்டத்துத் தீர்ப்பு அதன் மேல் கவிந்திருக்கிறது. அதற்கு எதிராக ஒளியைக் குறிக்கும் சொல்லைக் கொண்டுவந்து ஒட்டுகிறான் ஓர் ஓவியன். இன்றைய பயன்பாட்டில் இந்தச் சொல்லை முதலில் உச்சரிப்பவர் பெரும்பாலும் மேலாளர். 1881-இலோ மதகுருவின் பிடியிலிருந்த ஒரு வீட்டில், நோயாளியான கலைஞன் ஒருவன் அதைக் கலகக் குரலாக உச்சரித்தான். நாடகமும் அந்தக் கலகத்துக்கு விலை கொடுத்தது: பத்தாயிரம் படிகள் அச்சிடப்பட்டு, அவற்றில் பெரும்பகுதி கடைகளில் தேங்கியது, நார்டிக் அரங்குகள் தயங்கி நிற்க, அதன் முதல் மேடையேற்றம் 1882 மே மாதம் அமெரிக்காவின் சிக்காகோவில், குடியேறிய ஸ்காண்டிநேவியர்கள் முன்னிலையில் நடந்தது.

‘லிவ்ஸ்க்ளேதெ’யைத் தொடர்ந்து அதே மூச்சில் ‘ஆர்பைட்ஸ்க்ளேதெ’ வருவதில் சொல்லாக்கத்துக்கான ஒரு குறிப்பும் இருக்கிறது. ஜெர்மனில் ‘லேபென்ஸ்ஃப்ராய்ட’ (வாழ்வின் மகிழ்ச்சி), ‘ஃபோர்ஃப்ராய்ட’ (வரப்போவதை எண்ணி மகிழ்தல்), பிறர் துன்பம் கண்டு மகிழ்வதைக் குறிக்கும் புகழ்பெற்ற ‘ஷாடென்ஃப்ராய்ட’ என்று ஒரு சொற்குடும்பமே உண்டு. டேனியத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் இணை இருக்கிறது. ‘ஆர்பைட்ஸ்ஃப்ராய்ட’வும் ‘ஆர்பைட்ஸ்க்ளேதெ’யும் அந்த வரிசையில் பக்கத்துப் பக்கத்து வீடுகள். எந்த மொழி முதலில் கட்டியது, எது பார்த்துக் கட்டியது என்ற வழக்கில் நாள் குறித்துத் தீர்ப்புச் சொல்வது முறையாகாது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு டேனியம் ஜெர்மன் கூட்டுச்சொற்களைக் கண்ணாடி வைத்தாற்போல் படியெடுத்துக்கொண்டே இருந்தது என்பதையும், முன்பாதியே ஜெர்மன் நிலத்திலிருந்து வந்தது என்பதையும் வைத்துப் பார்த்தால், இதைத் தனித்த டேனியக் கண்டுபிடிப்பு என்று வாதிட எனக்கு மனம் வராது.

இப்படியொரு சொல் அந்த நூற்றாண்டில் ஏன் தேவைப்பட்டது என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே. நீராவி ஆலைகள் வந்து, ஒரு செருப்பை முழுமையாகத் தைத்தவன் நாள் முழுவதும் குதிகாலுக்கு ஆணி அடிப்பவனாக மாறியபோதுதான், வேலையில் முன்பு ஒரு மகிழ்ச்சி இருந்தது என்பது கவனத்துக்கு வந்தது. இங்கிலாந்தில் கலைச் சிந்தனையாளர்களான ஜான் ரஸ்கினும் வில்லியம் மாரிஸும் இதையே பேசினார்கள். மனிதன் தன் உழைப்பில் காணும் இன்பத்தின் வெளிப்பாடே கலை என்று 1892-இல் மாரிஸ் எழுதினார். ஆங்கிலத்தில் அந்தக் கருத்துக்கு ஒற்றைச் சொல் அமையவில்லை, அவ்வளவுதான். கருத்து இல்லாமல் போகவில்லை. ‘சொல் இல்லை, ஆகவே அந்த உணர்வும் அவர்களுக்கு இல்லை’ என்னும் வாதம் எந்த மொழியைப் பற்றிச் சொல்லப்பட்டாலும் அதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்பதே நல்லது. பெயர்ச்சொற்களை ஒட்டி ஒரே சொல்லாக எழுதுவது சில மொழிகளின் எழுத்து வழக்கம். சில மொழிகள் இடைவெளி விட்டு எழுதும்.

ஜெர்மன் சொல்லின் பிற்கால வாழ்க்கைதான் டேனியச் சொல்லின் இன்றைய செழிப்புக்கு ஒரு பின்னணி. ஆன்ட்வெர்ப்பில் பிறந்த பெல்ஜிய சோஷலிஸ்டான ஹென்ட்ரிக் டே மான், 1920-களில் ஃப்ராங்க்ஃபர்ட்டில் தொழிலாளர் கல்விக்கூடத்தில் கற்பித்தவர். 78 ஆலைத் தொழிலாளர்களும் அலுவலர்களும் தங்கள் வேலையைப் பற்றித் தாங்களே தந்த வாக்குமூலங்களைத் தொகுத்து, ‘ஆர்பைட்ஸ்ஃப்ராய்ட’வுக்கான போராட்டம் என்னும் தலைப்பில் 1927-இல் ஒரு நூல் வெளியிட்டார். தொழிலாளிக்கு வேலையில் மகிழ்ச்சியை வெளியிலிருந்து ஊட்ட வேண்டியதில்லை, அவன் இயல்பாகவே அதை நாடுகிறான், அதைத் தடுப்பவை எவை என்றே ஆராய வேண்டும் என்பது அவர் கொண்ட நிலை. இன்று சம்பளம் கொடுத்து மகிழ்ச்சிப் பயிற்சி நடத்துபவர்கள் சுவரில் எழுதி வைக்க வேண்டிய கருத்து அது. அவரது சொந்த வாழ்க்கை பிறகு கோணலாயிற்று. பெல்ஜியத்தை நாஜிகள் பிடித்தபின் அவர்களோடு இசைந்துபோனதற்காக 1946-இல் அவர் முன்னிலையில் இல்லாமலேயே அவருக்குத் துரோகக் குற்றத் தண்டனை விதிக்கப்பட்டது.

சொல்லுக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய அதுவே. 1933 மே 2 அன்று நாஜி அரசு ஜெர்மன் தொழிற்சங்கங்களை ஒரே நாளில் நசுக்கியது. அதே ஆண்டு நவம்பரில், ‘மகிழ்ச்சியின் வழியே வலிமை’ என்னும் பெயரில் தொழிலாளர்களுக்கான கேளிக்கை, சுற்றுலா அமைப்பைத் தொடங்கியது. ‘உழைப்பின் அழகு’ என்றொரு துறையும் அதற்குள் இயங்கியது. சங்கம் வைக்கும் உரிமையைப் பறித்துவிட்டு மகிழ்ச்சியை வழங்கிய அந்த ஆட்சிக்குப் பிறகு, வேலையையும் மகிழ்ச்சியையும் ஒட்டிச் சொல்வதில் ஜெர்மன் நாவுக்கு ஒரு கூச்சம் வந்ததில் வியப்பில்லை. சொல் அகராதியில் இருக்கிறது, பேச்சிலும் வருகிறது. ஆனால் ஆய்விலும் நிர்வாகத்திலும் ‘வேலைத் திருப்தி’ என்னும் நிதானமான சொல் அதன் இடத்தில் அமர்ந்துவிட்டது.

டென்மார்க்கில் அப்படிப்பட்ட முறிவு ஏற்படவில்லை. 1899 செப்டம்பரில், நாடு முழுவதும் நடந்த நீண்ட கதவடைப்புக்குப் பிறகு முதலாளிகளின் சங்கமும் தொழிலாளர் கூட்டமைப்பும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. வேலையை நடத்தும் உரிமை முதலாளிக்கு, சங்கம் வைக்கும் உரிமை தொழிலாளிக்கு என்று அதில் ஒப்புக்கொள்ளப்பட்டது. 1907-இல் வேலையின்மைக் காப்பு நிதிகளுக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. 1975-இல் பணிச்சூழல் பற்றிய சட்டம் வந்தது. ‘ஆர்பைட்ஸ்’ என்று தொடங்கும் சொற்கள் ஒவ்வொன்றாகச் சட்டப் புத்தகத்துக்குள் குடியேறிய வரலாறு என்றே இதை வாசிக்கலாம். மகிழ்ச்சியைக் குறித்த நம் சொல் சட்டமாகவில்லை; ஆனால் சங்கக்காரரும் முதலாளியும் இருவருமே வாய்கூசாமல் சொல்லக்கூடிய சொல்லாக அது மிஞ்சியது. டேனியச் சிறப்பு என்று எதையாவது சொல்லத்தான் வேண்டுமென்றால், இந்த நீடிப்பைத்தான் சொல்வேன்.

இன்று அதற்குப் பக்கத்தில் வேறு சொற்களும் நிற்பதால் எல்லைகளையும் அறிந்துகொள்வது நல்லது. ஆங்கிலத்தைப் பார்த்துச் செய்த ‘ஜொப்தில்ஃப்ரெட்ஸ்ஹெத்’ என்பது வேலைத் திருப்தி; சம்பளம், விடுப்பு, மேசை, நாற்காலி எல்லாம் சரியாக இருந்தால் படிவத்தில் டிக் போட்டுவிடலாம். ‘த்ரிவ்ஸெல்’ என்பது செடி செழிப்பதைப் போல ஆள் செழித்திருப்பது. பள்ளிக்குழந்தைக்கும் அது பொருந்தும். ‘ஆர்பைட்ஸ்லுஸ்ட்’ என்பது வேலைக்கு இறங்கும் முன் எழும் வேட்கை. ‘ஆர்பைட்ஸ்க்ளேதெ’ வேலை நடந்துகொண்டிருக்கும்போதே உணரப்படுவது. தமிழ் இலக்கணத்தில் வைத்துச் சொன்னால், ‘வேலையால் மகிழ்ச்சி’ என்னும் மூன்றாம் வேற்றுமையும் ‘வேலையில் மகிழ்ச்சி’ என்னும் ஏழாம் வேற்றுமையும் இந்தத் தொகைக்குள் சேர்ந்தே மறைந்திருக்கின்றன. விரித்துச் சொல்லும்போது டேனியர் ‘வெத்’ என்னும் முன்னிடைச்சொல்லை இடுவார்கள், அது அருகிருத்தலையும் காரணத்தையும் ஒருங்கே தாங்கும்.

தமிழாக்கத்துக்கு வருகிறேன். தலைப்பிலும் கலைச்சொல்லாகவும் ‘பணிமகிழ்ச்சி’ போதும். டேனியச் சொல்லைப் போலவே அதையும் இரண்டு உருபிலும் விரிக்கலாம். ஆனால் வாக்கியத்துக்குள் வரும்போது அதையே எல்லா இடத்திலும் ஒட்டவைக்க வேண்டாம். டேனியர் மிகுதியாகச் சொல்லும் தொடர்களில் ஒன்று ‘ஆர்பைட்ஸ்க்ளேதெயை இழந்துவிட்டார்’ என்பது. பதினைந்து ஆண்டு வேலைபார்த்த செவிலியரைப் பற்றியோ ஆசிரியரைப் பற்றியோ உடன் வேலைசெய்பவர் இதைச் சொல்வார். ‘பணிமகிழ்ச்சியை இழந்துவிட்டார்’ என்று பெயர்த்தால் அது அறிக்கை வாசகமாகிவிடும். அந்த இடத்தில் நம் வாயில் தானாக வருவது வேறு: ‘அவங்களுக்கு வேலையில இருந்த பிடிப்பே போயிடுச்சு.’